பெல்ட் கேப்டனின் மாமனார்

உள்ள இருக்கிறது என் மாமனார் சார். இடுப்புல ஆபரேஷன் ஆகி நிக்கப் பழக்குறாங்க. வழுக்கி விழுந்துட்டாரான்னு கேக்குறீங்க. வழுக்கலை. மேல போய் விழுந்தார். முப்பத்தேழாயிரம் அடி உயரத்துல, பறந்துகிட்டிருந்த விமானத்துக்குள்ள, கூரையில இடிச்சு, சீட்டோட கைப்பிடி மேல வந்து விழுந்தார். விமானத்தை ஓட்டினது யாருன்னு அடுத்துக் கேப்பீங்க. நான்தான்.

பாத்தீங்களா, கொஞ்சம் தள்ளி உக்காந்துட்டீங்க. பரவாயில்லை. என் பொண்டாட்டி கோமதியும் ஒரு மாசமா அப்படித்தான் உக்காருறா.

உங்களுக்கு யாரு, அம்மாவா? முழங்காலா? சரியாயிடும் சார். இந்த பிசியோ பொண்ணு கெட்டிக்காரி. அதுவே எங்க மாமனார்கிட்ட தோத்துப் போயிருக்கு. ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சு, எலும்பும் சேருது. ஆனா மனுஷன் எந்திரிச்சு நிக்க மாட்டேங்கிறார். வலிக்குதும்மா, நாளைக்குப் பாப்போம்மாங்கிறார். இப்படியே விட்டா அப்புறம் படுக்கைதான்னு டாக்டர் நேத்து வெளிப்படையாவே சொல்லிட்டார். காலையில எந்திரிச்சா ஊரையே ஒரு சுத்து நடந்துட்டு வந்து காபி குடிக்கிற ஆளு சார் அவர். அவரைப் படுக்கையில போட்ட மாப்பிள்ளைன்னு ஆயிட்டா, நான் எந்த வானத்துல பறந்து என்ன பிரயோஜனம்.

நடந்ததைச் சொல்றேன், தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க. கோமதி தீர்ப்பு சொல்லி முடிச்சுட்டா. நான் அப்பீலுக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கேன்.

முதல்ல என் பெருமையைச் சொல்லிடறேன். கம்பெனியில எனக்குப் பேரு பெல்ட் கேப்டன். மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க, முதுகைத் திருப்பினதும் சொல்லுவாங்க. சீட் பெல்ட் போடுங்கன்னு தலைக்கு மேல ஒரு விளக்கு எரியும் பாருங்க, டிங்னு ஒரு சத்தத்தோட, அதோட சுவிட்ச் எங்க கையிலதான் இருக்கு. மத்த கேப்டனுங்க மேல ஏறினதும் அணைச்சிடுவாங்க, ஆட்டம் வந்தா போடுவாங்க. நான் கிளம்பும்போது போட்டா, போய் நின்னப்புறம்தான் அணைப்பேன். டூட்டி லிஸ்ட்ல என் பேரைப் பாத்தாலே ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுங்களுக்கு முகம் சுருங்கிடும். டீ வண்டியை நிம்மதியா உருட்ட முடியாதில்ல. ஒரு பயணி இறங்கும்போது சொன்னார், சுவிட்ச் ரிப்பேர்னா சொல்லுங்க கேப்டன், என் மச்சான் எலக்ட்ரீஷியன்தான்னு.

பயந்தாங்குளின்னு நினைக்காதீங்க. நினைச்சாலும் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா காரணம் இருக்கு. மேகத்துக்குள்ள இருக்கிற ஆட்டம் எங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிடும். ரேடார்ல சிவப்பா காட்டும், சுத்திக்கிட்டுப் போயிடுவோம். இன்னொண்ணு இருக்கு. கிளியர் ஏர் டர்புலன்ஸ்னு பேரு. வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், ஒரு பொட்டு மேகம் இருக்காது, அதுக்குள்ள இருந்து அடிக்கும். ரேடார் மழைத்துளியைத்தான் பாக்கும் சார், வெறும் காத்தைப் பாக்காது.

குளிர்காலத்துல வட இந்தியாவுக்கு மேல, நாங்க பறக்கிற உயரத்துல, மேற்கேயிருந்து கிழக்கே ஒரு காத்து ஆறு மாதிரி ஓடும். சாதாரண வேகம் இல்லை, நம்ம எக்ஸ்பிரஸ் ரயிலெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. அந்த ஆத்துக்கு நடுவுல போனா ஒண்ணும் தெரியாது. கரையிலதான் வினை. ஒரு அடுக்கு வேகமா ஓடும், அதுக்கு அடுத்த அடுக்கு மெதுவா ஓடும், ரெண்டும் உரசிச் சுருண்டுக்கும். அந்தச் சுருள்ல போய் மாட்டினா, முதல்ல டம்ளர்ல இருக்கிற காபி மேல போகும், அப்புறம் டம்ளர் போகும், அதுக்கப்புறம் பெல்ட் போடாதவன் போவான். அவ்வளவு உயரத்துல எங்களுக்கும் கை கட்டின மாதிரிதான். ரொம்ப வேகமாவும் போகக் கூடாது, ரொம்ப மெதுவாவும் போகக் கூடாது, இடையில இருக்கிற இடம் குறுகல். வானிலைக்காரங்க ஒரு படம் தருவாங்க. அதுல ரெண்டு மாநிலம் அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, இதுக்குள்ள எங்கயாவது இருந்தாலும் இருக்கலாம்னு இருக்கும். முன்னால போன விமானக்காரன் சொன்னாத்தான் நமக்கு ஏதாவது நிச்சயமா தெரியும்.

அதனால நான் விளக்கை எரியவிட்டுடுவேன். உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, பாதிதான் பயணிங்க மேல அக்கறை. மீதி என்னன்னா, விளக்கு எரியும்போது ஒருத்தன் எந்திரிச்சு அடிபட்டா அது அவன் தப்பு. அணைஞ்சிருக்கும்போது அடிபட்டா அது என் தப்பு. எரியுறதைப் பாத்து யாரும் உக்காந்தே இருக்கிறதில்லைங்கிறது வேற விஷயம். என் விளக்கை எவன் மதிச்சான். அது எரிய எரிய பாத்ரூம் வாசல்ல வரிசை நிக்கும். எனக்கு அதுல வருத்தமும் இல்லை. விளக்கு எரியுது, நம்ம மேல பொல்லாப்பு இல்லை, அவ்வளவுதான்.

மதிச்ச ஒரே ஆள் உள்ள படுத்திருக்கார்.

சண்முகவேலாயுதம்னு பேரு. தென்காசிப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். சிக்னல்ங்கிறது அவருக்கு சாமி மாதிரி. விடியற்காலையில வாக்கிங் போவார், ரோட்டுல ஒரு ஈ காக்கா இருக்காது, சிவப்பு விளக்கு எரிஞ்சா நிப்பார். நடந்து போற ஆளு சார். கையில ஒரு குடை, அவ்வளவுதான் வண்டி. பச்சை விழுந்தப்புறம்தான் கால் எடுத்து வைப்பார்.

எனக்கும் அவருக்கும் பேச்சு கம்மி. சண்டையெல்லாம் இல்லை, மரியாதை. கல்யாணம் ஆகிப் பத்தொன்பது வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசினது, வாங்க மாப்ள, சௌக்கியமா மாமா, வெயில் எப்படி, மழை எப்படி. மத்ததெல்லாம் கோமதி வழியாத்தான் போகும் வரும். எங்க வீட்டுல யாரும் எதையும் என்கிட்ட நேரா சொல்றதில்லைங்கிறது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற குறை.

போன ஜனவரியில டெல்லியில என் சகலை வீட்டுப் புதுமனை புகுவிழா. மாமனார் ரயில்லதான் போறேன்னார். கோமதிதான் விடலை. உங்க மாப்பிள்ளை ஓட்டுற விமானத்துல நீங்க ஒரு தடவையாவது உக்காரணும்ப்பான்னா. பன்னெண்டு சி, நடைபாதையை ஒட்டின சீட்டு, நானே சொல்லி வாங்கிக் குடுத்தேன்.

அன்னிக்குப் படத்துல வட்டம் பெருசா இருந்துச்சு. போட்டேன் விளக்கை. ஒரு சின்ன குலுக்கல்கூட இல்லை, வெண்ணெயில கத்தி போன மாதிரி போச்சு. நான் அணைக்கலை. மாமனார் வந்திருக்கிற அன்னிக்கா வம்பை விலைக்கு வாங்குவேன். டெல்லியில இறங்கி, காக்பிட் வாசல்ல வந்து நின்னேன். அவர் வந்தார். ரெண்டு கையையும் கூப்பி, ஒரு குலுக்கல் இல்லை மாப்ள, நல்லா கொண்டாந்தீங்கன்னார். சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டார். அவ்வளவு வேகமா அவர் நடந்து நான் பாத்ததே இல்லை. டெல்லிக் குளிர் ஆளைச் சுறுசுறுப்பாக்கிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் கோமதிகிட்ட இருந்து போன். விஷயம் எப்படி வந்துச்சுன்னா, சகலை தன் பொண்டாட்டிகிட்ட சொல்லி, அவ கோமதிகிட்ட சொல்லி, கோமதி என்கிட்ட சொன்னா. ஏர்போர்ட் வாசல்ல மாமனாரைக் கூப்பிடப் போன சகலை ஒண்ணைக் கவனிச்சிருக்கான். சென்னையில ஏறும்போது கோமதி எடுத்து மச்சினிக்கு அனுப்பின போட்டோவுல அவர் வெள்ளை வேட்டி. வெளிய வரும்போது கட்டியிருந்தது விசேஷத்துக்குன்னு பையில வச்சிருந்த பட்டு வேட்டி.

பிரஷருக்கு நீர் மாத்திரை போடுற ஆளு சார். காலையில போட்டுட்டு ஏறியிருக்கார். மொத்த விமானமும் எந்திரிச்சுப் போய்ட்டு வருது, இவர் மட்டும் தலைக்கு மேல இருக்கிற விளக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். அன்னிக்கு டூட்டியில இருந்தது டெல்ஃபின், நம்ம தூத்துக்குடிப் பொண்ணு. அது பின்னால என்கிட்ட சொல்லிச்சு. முகம் வேர்த்திருக்கிறதைப் பாத்துட்டு, தாத்தா, எல்லாரும் போறாங்க, நீங்களும் போயிட்டு வாங்கன்னு கூப்பிட்டிருக்கு. விளக்கு எரியுதுல்லாம்மான்னாராம். மறுபடி கூப்பிட்டதுக்கு, மாப்பிள்ளை போட்டிருக்காரு, காரணம் இல்லாம போடுவாரான்னாராம்.

எங்கப்பா நாப்பது வருஷம் ஒரு கறை இல்லாம சர்வீஸ் பண்ணினவர், அவர் வேட்டியை நனைக்க வச்ச மாப்பிள்ளை நீங்க ஒருத்தர்தான்னா கோமதி.  காத்து ஆறு மாதிரி ஓடுதுன்னு ஆரம்பிச்சேன். வச்சுட்டா.

அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்னு நீங்க நினைக்கிறீங்க. எப்படி சார் பேசுறது. மாமனாருக்குப் போன் பண்ணி, மாமா, வேட்டி எப்படின்னு கேக்குறதா. அவரும் என்கிட்ட எப்படி சொல்லுவார். பாத்ரூம்ங்கிற சொல்லே எங்களுக்கு நடுவுல வர முடியாத சொல். அதனால திரும்பி வரும்போது செயல்ல காட்டிடணும்னு முடிவு பண்ணினேன். அவர் திரும்புற விமானத்துக்கே கேட்டு டூட்டி போட்டுக்கிட்டேன். டெல்ஃபினும் இருந்துச்சு. கோமதி ஒரே ஒரு வரிதான் சொன்னா, அப்பாவுக்காக ஒரு பத்து நிமிஷமாவது அந்த எழவு விளக்கை அணைங்கன்னு.

டெல்லியில கிளம்பி மேல ஏறியாச்சு. வெயில் பளிச்சுன்னு அடிக்குது. படத்துல வட்டம் போபால் தாண்டி வரைக்கும் இருக்கு. முன்னால போனவன்கிட்ட கேட்டேன், ஒண்ணுமில்லை, வழுவழுன்னு போகுதுன்னான். நான் அந்த சுவிட்சைப் பாக்குறேன். கையை வைக்கிறேன், எடுக்குறேன். பயிற்சியில இன்ஜின் நெருப்புப் பிடிச்சப்பகூட எனக்கு வேர்க்கலை சார், அன்னிக்கு வேர்த்துச்சு. கோ-பைலட் என்னை ஒரு மாதிரி பாத்தான்.

கடைசியில டெல்ஃபினைக் கூப்பிட்டேன். பன்னெண்டு சி-கிட்ட போம்மா, மத்தவங்க காதுல விழாம சொல்லு, கேப்டன் இப்ப விளக்கை அணைக்கப் போறார், போறதுன்னா நிதானமா போயிட்டு வரலாம்னு சொல்லுன்னேன். சொல்லிட்டு அணைச்சேன். டிங்னு சத்தம் கேட்டுச்சு. கோ-பைலட் இன்ஜினையே அணைச்சுட்ட மாதிரி நிமிர்ந்து உக்காந்தான்.

எனக்கு மனசு லேசாயிடுச்சு. நிஜமா சொல்றேன், நல்ல மாப்பிள்ளையா நடந்துக்கிட்டோம்னு ஒரு நிறைவு. அந்த நிறைவு ரெண்டு நிமிஷம் இருந்திருக்கும்.

முதல்ல சைக்கிள் கப்பி ரோட்டுல ஏறின மாதிரி ஒரு கடகட. என் கை சுவிட்சுக்குப் போச்சு. போறதுக்குள்ள அடியில இருந்த தரையை யாரோ உருவிட்டாங்க. என் தொடை பெல்ட்டுல வெட்டுது, மேப்பும் பேனாவும் கண்ணுக்கு முன்னால பறக்குது, வேகம் காட்டுற முள்ளு மேலயும் கீழயும் ஓடுது. ஆட்டோபைலட்டை விடாம, வேகத்தைக் குறைச்சு, இறக்கையை நேரா வச்சுப் பிடிச்சுக்கிட்டேன். செய்யக் கூடியது அவ்வளவுதான். மூச்சு விடுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. வெளிய பாத்தா அதே நீல வானம், அதே வெயில். அவ்வளவு அழகா இருந்ததை என்னால இன்னும் மன்னிக்க முடியலை.

டெல்ஃபின் கூப்பிட்டுச்சு. சார், பன்னெண்டு சி-ன்னு மட்டும் சொல்லி நிறுத்திடுச்சு.

வேடிக்கை என்னன்னா, விளக்கு அணைஞ்சதை வேற யாரும் கவனிக்கவே இல்லை. கொஞ்ச பேர் தூக்கம், கொஞ்ச பேர் அப்பத்தான் சாப்பாட்டுத் தட்டைப் பிரிச்சிருந்தாங்க. பாத்ரூம் போறவங்க எல்லாம் விளக்கு எரியும்போதே போயிட்டு வந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டாங்க. விளக்கு அணைஞ்சதைப் பாத்து எந்திரிச்சது ஒரே ஒருத்தர். டெல்ஃபின் பக்கத்து சீட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தப்பிச்சிடுச்சு. அவரையும் ஒரு கையால பிடிச்சிருக்கு, நிக்கலை.

நான் எந்திரிச்சுப் போய்ப் பாக்க முடியாது சார். அந்த நேரத்துல கேப்டன் சீட்டை விட்டு எந்திரிக்கிறது முறை இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பெத்த தகப்பன் மாதிரி ஒருத்தர் வலியில கிடக்கார், இந்தப் பக்கம் நான் முள்ளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நல்லவேளை, பயணிங்கள்ல ஒரு டாக்டர் இருந்தார். மூணு சீட்டைக் காலி பண்ணிப் படுக்க வச்சு, ஊசி போட்டார். நாக்பூர்ல இறக்கவான்னு கேட்டனுப்பினேன். மயக்கம் இல்லை, பிரஷர் சரியா இருக்கு, சென்னை ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்னு டாக்டர் சொன்னார். கூடவே பன்னெண்டு சி-கிட்ட இருந்தும் ஒரு செய்தி வந்துச்சு. என்னால வண்டி லேட் ஆக வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்கம்மா.

சென்னையில ஸ்ட்ரெச்சர்ல இறக்கும்போதுதான் பாத்தேன். முகம் சாம்பல் பூத்துக் கிடக்கு. என்னைப் பாத்ததும் கையைக் கூப்பப் பாத்தார், முடியலை. ரைட் டைமா மாப்ளன்னு கேட்டார். அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம் மாமான்னேன். நல்லதுன்னு கண்ணை மூடிக்கிட்டார்.

கம்பெனியில விசாரணை வச்சாங்க. என் மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்க. காத்து மேலதான் தப்பு. கோமதிகிட்ட போய்ச் சொன்னேன். அப்ப காத்துக்குக் கஞ்சி வச்சுக் குடுங்க, எங்கப்பாவுக்கு நான் வச்சுக்கிறேன்னா.

மன்னிப்புக் கேட்டாச்சு சார், கேக்காம இல்லை. டெல்ஃபின் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அதுகிட்ட சொல்லிவிட்டேன். பிசியோ பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கேன். நேராவா? நீங்க வேற.

இன்னிக்குக் காலையில கோமதி குளிச்சுட்டு வர வீட்டுக்குப் போயிட்டா. நானும் அவரும் தனியா. காபியை ஆத்திக் குடுத்தேன்.  வாய் தவறின மாதிரி கேட்டுட்டேன். மாமா, அன்னிக்கு ரொம்ப அவசரமா இருந்துச்சா?

அவர் கூரையைப் பாத்தார். அவசரம்லாம் ஒண்ணும் இல்லை மாப்ளன்னார். முந்தின நாள்ல இருந்தே தண்ணி அதிகம் குடிக்கலையாம். காலையில மாத்திரையும் போடலையாம். போகும்போது நடந்தது மாப்பிள்ளை காதுக்குப் போயிருக்கும், திரும்பவும் அவருக்கு ஒரு சங்கடம் வேண்டாம்னு நினைச்சாராம்.

அப்புறம் எதுக்கு மாமா எந்திரிச்சீங்க?

இது என்ன கேள்விங்கிற மாதிரி என்னைப் பாத்தார். சொன்னார் சார், அப்படியே சொல்றேன். எனக்காகல்லா கைகாட்டியை இறக்கினீங்க மாப்ள. அந்தப் பிள்ளையையும் அனுப்பிச் சொல்லிவிட்டீங்க. ஸ்டேஷன் மாஸ்டர் சிக்னலைக் குடுத்துட்டு நிக்காரு, வண்டி நகராம கிடந்தா அவருக்கு எப்படி இருக்கும்? அது மரியாதை இல்லைல்லா. சும்மா போயி கையைக் கழுவிட்டு வந்திருவோம்னுதான் எந்திச்சேன்.

டம்ளரைக் கழுவுற மாதிரி நான் வெளிய வந்துட்டேன். அழுதேன் சார், சொல்றதுக்கு என்ன. கண்ணுக்குத் தெரியாத காத்து, ரேடார்ல விழாத காத்துன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். எனக்காகத் தாகத்தோட ஒரு மனுஷன் பன்னெண்டு சி-யில உக்காந்திருந்தது எந்தப் படத்துலயும் எனக்குத் தெரியலை. அவரை அசௌகரியப்படுத்தக் கூடாதுன்னு நானும், என்னை அசௌகரியப்படுத்தக் கூடாதுன்னு அவரும், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு இடுப்பை உடைச்சிருக்கோம்.

இருங்க, கதவு திறக்குது. வர்றேம்மா, ஒரு நிமிஷம்.

என்னைத்தான் கூப்பிடுது. என்ன விஷயம்னா, நீங்க வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி அவரோட துண்டை இங்கயே வச்சுட்டுப் போயிட்டார்னு குடுக்கலாம்னு உள்ள போனேன். அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு, எந்திரிங்க தாத்தா, எந்திரிங்க தாத்தான்னு கெஞ்சிக்கிட்டிருக்கு. அவர் அசையலை. என்னைப் பாத்ததும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, வாங்க மாப்ளன்னு பாதி எந்திரிச்சுட்டார். நான் வந்தா அவர் எந்திரிப்பார் சார், எந்த வீட்டுல, எந்த நாற்காலியில இருந்தாலும். எனக்கு அது நாலு சுவர் மாதிரி பழகிப் போச்சு, கவனிச்சதே இல்லை. பிசியோ பொண்ணு கவனிச்சிடுச்சு. மறுபடி உக்கார வச்சுட்டு, நீங்க வெளிய இருங்க, கூப்பிடும்போது சும்மா உள்ள நடந்து வாங்க, அது போதும்னு சொல்லிச்சு.

இப்ப அதுக்குத்தான் கூப்பிடுது. நான் போவேன், அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு எந்திரிப்பார். வலிக்கும். ஆனா நிப்பார். நான் அவர் முன்னாடியே நின்னுக்கிட்டிருக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேலை. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட அவரைப் பாத்து உக்காருங்க மாமான்னு நான் சொன்னதில்லை சார். இன்னிக்குத்தான் சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வருது, இன்னிக்குச் சொல்லக் கூடாதாம்.